சிகாகோவில் ஒரு ஹவுஸ் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ சிகாகோ வந்த தமிழ் நண்பர்களிடம் "இந்த வாரம் ஹவுஸ் இசை கேட்கப் போகிறேன், வருகிறீர்களா" என்று கேட்டால், பதிலுக்கு வரிசையாகக் கேள்விகள் வரும். அநேகமாக அதே கேள்விகள்தான். பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் இனி வருபவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. நான் அதிகம் போவது ரிக்லிவில் பகுதியில் உள்ள ஸ்மார்ட்பார் என்ற நடன கிளப். அதை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை மற்ற கிளப்புகளுக்கும் பொருந்தும்.

ஹவுஸ் என்றால் என்ன மாதிரி இசை? கேட்டதும் எப்படி அடையாளம் காண்பது?

உங்கள் கால் ஆடுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 118 முதல் 128 தாள அடி வரை வேகம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் நான்கிலும் கிக் டிரம் "டும்" என்று விழும். இரண்டிலும் நான்கிலும் கைத்தட்டல் சத்தம். இரண்டு கிக்குக்கு நடுவே ஹை-ஹேட் என்ற ஜால்ரா போன்ற தட்டு "த்ஸ்" என்று திறந்து மூடும். அதன் மேல் உருண்டு வரும் பேஸ் என்ற தாழ்ந்த, கனத்த ஒலி, பியானோ, சில நேரம் தேவாலயத்தில் பாடிப் பழகிய கனமான குரல்.

டெக்னோ இதன் உறவுதான், டெட்ராய்ட்டில் வளர்ந்தது. பொதுவாக அதில் குரல் குறைவு, இறுக்கம் அதிகம். பெரிய திருவிழா மேடைகளில் கேட்கும் ஈடிஎம் (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) வேறு. அங்கே இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இசையை ஏற்றி ஏற்றி வெடிக்க விடுவார்கள். ஹவுஸ் அப்படி வெடிப்பதை நம்பி இல்லை. பிடித்த ஓட்டத்தை விடாமல் கொண்டுபோவதுதான் அதன் பலம்.

ஒரே பாட்டு மணிக்கணக்கில் ஓடுவது போல இருக்கிறதே, சலிக்காதா?

முதல் அரை மணி நேரம் சிலருக்குச் சலிக்கும். நம் காது பல்லவி, சரணம் என்று எதிர்பார்த்தே பழகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட வேண்டும். ஹவுஸில் மாற்றம் வேறு இடத்தில் நடக்கும். இவ்வளவு நேரம் இல்லாத ஹை-ஹேட் ஒன்று சேரும். பேஸ் எட்டு சுற்றுக்கு விலகி நின்று திரும்பி வரும். ஒரு பியானோ கார்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை நள்ளிரவு தாண்டி வாசிப்பதை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதாக இருக்காது. அங்கேயும் "எப்போது முடிப்பார்" என்று யாரும் காத்திருப்பதில்லை, அடுத்து எந்தச் சுரத்தில் போய் நிற்பார் என்றுதான் காத்திருக்கிறோம்.

இது சிகாகோ இசை என்கிறார்களே, எப்படி?

இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த இரவே வேறு மாதிரி இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1977-இல் நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற இளைஞர் சிகாகோ வந்தார். சவுத் ஜெஃபர்சன் தெரு 206-ஆம் எண் கட்டடத்தில் ராபர்ட் வில்லியம்ஸ் நடத்திய 'வேர்ஹவுஸ்' கிளப்பில் அவர் டிஜே. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன இளைஞர்கள். அதிலும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் அதிகம். நகரின் மற்ற கிளப்புகள் பலவற்றில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். மது கிடையாது, பழச்சாறுதான். சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டித் தொடங்கினால் ஞாயிறு பகல் வரை ஆட்டம் ஓடும். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் இந்த இசைக்கும் பெயர் வந்தது.

அப்போது நாடெங்கும், ஹவுஸுக்கு முன்னோடியான டிஸ்கோ நடன இசை மேல் ஒரு வெறுப்பு கிளம்பியிருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், ஒரு வானொலித் தொகுப்பாளரின் ஏற்பாட்டில், அடுத்தடுத்து நடக்க இருந்த இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு இடையே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. அன்று அந்த ஸ்டேடியத்தில் இருக்கை காட்டும் வேலை பார்த்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன். கொண்டுவரப்பட்ட தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்தன என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே வின்ஸ் லாரன்ஸ், 1984-இல் ஜெஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' பாடலை உருவாக்கினார். தட்டாக வெளிவந்த முதல் ஹவுஸ் பாடல் என்று பலரும் சொல்வது அதைத்தான். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடமே இதுதான். டிஸ்கோவை அழித்துவிட்டோம் என்று கொண்டாடிய ஊரிலேயே, ஐந்து வருடத்துக்குள், அதன் பிள்ளை எழுந்து நின்றது.

கருவிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன, வாத்தியக் குழுவை அமர்த்த இந்தப் பையன்களிடம் பணமும் இல்லை. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808, டிஆர்-909 டிரம் இயந்திரங்களும் டிபி-303 பேஸ் கருவியும் கடையில் சரியாக விலைபோகாமல், பழைய சாமான்களாக மலிவாகக் கிடைத்தன. டிபி-303 கிதார் வாசிப்பவர் தனியே பயிற்சி செய்யும்போது பேஸுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டது. சிகாகோவின் 'ஃபியூச்சர்' குழு அதன் குமிழ்களை வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று திருகி, கீச்சிட்டுக் குழையும் ஓர் ஒலியைப் பிடித்தது. அந்த டேப்பை 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது ஆடுதளம் காலியாகிவிட்டது. ஹார்டி விடவில்லை. அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது தடவை கூட்டம் பைத்தியம் பிடித்தது போல ஆடியது. 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று அது வெளிவந்து, ஆசிட் ஹவுஸ் என்ற தனிக் கிளையே பிறந்தது. டிஜே என்பவர் யார் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஃபிராங்கி நக்கிள்ஸ் 2014-இல் காலமானார். 2004-இலேயே ஜெஃபர்சன் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அதற்குத் துணை நின்றவர்களில் ஒருவர் அன்றைய மாநில செனட்டர் பராக் ஒபாமா. வேர்ஹவுஸ் கட்டடத்தை 2023-இல் நகர சபை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது.

டிஜே என்னதான் செய்கிறார்? யாரோ போட்ட பாட்டை ஓட விடுவதுதானே?

டிஜே மேடை உயரமாக இல்லாத கிளப்பில், ஓரமாக நின்று அவர் கைகளைப் பத்து நிமிடம் பாருங்கள். தளத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த பாட்டு ஹெட்ஃபோனில் அவருக்கு மட்டும் கேட்கும். ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் தளத்தின் சத்தம். இரண்டும் ஒரே வேகத்தில் இருக்காது, ஒன்று 121, மற்றது 124 என்று இருக்கும். பிட்ச் நெம்பை மயிரிழை நகர்த்துவார். இன்னும் பிசகினால் சுழலும் தட்டின் விளிம்பில் ஒரு விரலை லேசாக வைத்துத் தாமதப்படுத்துவார், அல்லது ஒரு சிறு தள்ளு. கிளப்புகளில் காலங்காலமாக இருந்துவரும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் இந்த நெம்பு வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ செய்யும். இன்று பலரும் பென் டிரைவிலிருந்து டிஜிட்டல் பிளேயரில் வாசிக்கிறார்கள். அதில் வேகம் திரையில் தெரியும். காதின் வேலை அதனால் குறைந்துவிடுவதில்லை.

வேகம் ஒத்துவந்ததும் அடுத்த கணக்கு. ஹவுஸ் பாடல்கள் பெரும்பாலும் 32 அடி கொண்ட பகுதிகளாக நகரும். 120 அடி வேகத்தில் அது 16 விநாடி. புதுப் பாட்டை ஏதோ ஓரிடத்தில் நுழைத்துவிட முடியாது, பழைய பாட்டின் ஒரு பகுதி முடியும் அடியில் புதியதன் பகுதி தொடங்க வேண்டும். நுழைக்கும்போது புதுப் பாட்டின் பேஸ் குமிழை அடியோடு இறக்கி வைத்திருப்பார். இரண்டு பேஸ் ஒன்றாக வந்தால் ஸ்பீக்கர் குழம்பிவிடும். ஹை-ஹேட்டும் கைத்தட்டலும் மட்டும் மெதுவாக உள்ளே வரும். ஆடுகிறவர்களுக்கு ஏதோ கூடியிருக்கிறது என்று மட்டும் தெரியும். அரை நிமிடம், ஒரு நிமிடம் இரண்டும் சேர்ந்தே ஓடும். பிறகு பகுதி முடியும் அந்த ஒரே அடியில், இடது கை பழைய பாட்டின் பேஸை இறக்க, வலது கை புதியதன் பேஸை ஏற்றும். தளம் முழுக்க ஒரே நேரத்தில் உடல் சற்றுத் தாழும். பாட்டு மாறியதே பலருக்குத் தெரியாது, ஆனால் கால் மாறிவிடும்.

இவ்வளவும் கைத்தொழில்தான், பயின்றால் வரும். இதற்கு மேலே இருப்பது தேர்வு. பையில் ஆயிரம் பாட்டு இருக்கும்போது இப்போது எது? தளத்தில் பத்துப் பேர் பாருக்கு நகர்கிறார்களா, புதிதாக வந்தவர்கள் சுவரோரம் நிற்கிறார்களா, முன்வரிசை களைத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். இப்போதே குரல் வைத்த பாட்டைப் போட்டுக் கொண்டாட வைப்பதா, இன்னும் அரை மணி நேரம் வெறும் டிரம்மில் நிறுத்தி ஏங்க வைப்பதா? நல்ல டிஜேயும் மிக நல்ல டிஜேயும் பிரிவது இங்கேதான்.

அப்படியானால் டிஜே இசைக் கலைஞரா?

என் பதில், ஆம். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியும் ஒரு வழியாக அதே முடிவுக்கு வந்தது. சிறிய அரங்குகளில் நடக்கும் நேரடி இசைக்கும் நாடகத்துக்கும் இங்கே கவுண்டியின் 3 சதவீதக் கேளிக்கை வரி விலக்கு உண்டு. 2016-இல், டிஜே வாசிப்பு அந்தக் கலைகளில் சேராது என்ற வாதத்தை அதிகாரிகள் தரப்பு எழுப்பியது. கிளப்புகள் எதிர்த்து நின்றன. ஹவுஸ் பிறந்த ஊரில் இப்படி ஒரு கேள்வியா என்று செய்தி பரவ, அந்த ஆண்டே கவுண்டி வாரியம் விதியைத் திருத்தி டிஜே நிகழ்ச்சிகளுக்கும் இடம் கொடுத்தது.

ஸ்மார்ட்பார் எங்கே இருக்கிறது? ஏன் அந்தக் கிளப்?

நார்த் கிளார்க் தெரு 3730. மேலே 'மெட்ரோ' இசை அரங்கு, அடித்தளத்தில் ஸ்மார்ட்பார். ஜோ ஷானஹன் 1982-இல் தொடங்கியது. ரிக்லி ஃபீல்டு மைதானம் நடக்கிற தூரம். கப்ஸ் பேஸ்பால் அணிக்கு அங்கே இரவு ஆட்டம் இருக்கும் நாளில் தெரு நிரம்பி வழியும், அன்று சற்றுத் தாமதமாகப் போவது நல்லது.

இடம் சிறியது, தாழ்ந்த கூரை, இருட்டு. இந்த இசைக்கு இதுவே சரி. பெரிய மண்டபத்தில் எல்லோரும் மேடையைப் பார்த்தபடி நிற்பார்கள், இங்கே ஒருவரையொருவர் பார்த்து ஆடுவார்கள். வெளியூர் டிஜேக்கள் வருவார்கள், ஆனால் நான் முதலில் பரிந்துரைப்பது உள்ளூர் ரெசிடெண்ட் டிஜேக்களின் இரவு. டெரிக் கார்ட்டர் போன்றவர்கள் பல ஆண்டுகளாக வாசித்துவரும் அறை அது. எந்த மூலையில் பேஸ் தேங்கும், கூட்டம் எந்த நேரத்தில் இளகும் என்று அவர்களுக்கு அத்துபடி.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

திறந்ததும் போங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இது போதும்.

பலரும் பெரிய பெயர் கொண்ட டிஜே வருகிற ஒரு மணிக்கு நுழைந்து இரண்டரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிறகு "சத்தமாக இருந்தது, கூட்டமாக இருந்தது" என்கிறார்கள். அவர்கள் கேட்டது கதையின் நடுப்பகுதி மட்டும். பத்து, பத்தரைக்கு அறை காலியாக இருக்கும்போது ஓப்பனிங் டிஜே தொடங்குவார். வேகம் குறைவு, சத்தமும் குறைவு. பழைய டிஸ்கோ, சோல், ஆழமான ஹவுஸ் எல்லாம் வரும். அவருக்கு எழுதப்படாத கட்டுப்பாடு ஒன்று உண்டு: பின்னால் வருபவருக்கு உரிய உச்சத்தை இவர் தொட்டுவிடக் கூடாது. கூட்டத்தைத் தளத்துக்கு இழுக்கவும் வேண்டும், பசியோடு வைத்திருக்கவும் வேண்டும். மிகக் கடினமான வேலை, கைத்தட்டல் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் காது அறைக்குப் பழகிவிடும். நள்ளிரவில் பேஸ் முழுதாக இறங்கும்போது அது எங்கிருந்து ஏறி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதே போல முடிவும். சிகாகோவில் லேட் ஹவர் உரிமம் உள்ள இடங்கள் காலை 4 மணி வரையும் சனி இரவில் 5 மணி வரையும் திறந்திருக்கலாம். கடைசி ஒரு மணி நேரத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போயிருப்பார்கள். மிஞ்சியிருப்பவர்கள் இசைக்காக நிற்பவர்கள். அவர்கள் எதற்கும் தயார் என்று டிஜேவுக்கும் தெரியும். அதுவரை பையை விட்டு வெளியே வராத தட்டுகள் அப்போதுதான் வரும். மறுநாள் பகல் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையே ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வயது, அடையாள அட்டை, கட்டணம்?

21 நிரம்பியிருக்க வேண்டும். முடி நரைத்திருந்தாலும் வாசலில் ஐடி கேட்பார்கள். இல்லினாய் உரிமமோ மாநில ஐடியோ இருந்தால் நல்லது, இல்லையென்றால் அசல் பாஸ்போர்ட். போனில் இருக்கும் படம் செல்லாது. கட்டணம் இரவுக்கு இரவு மாறும், முன்பதிவு செய்தால் பெரும்பாலும் குறையும். பாரில் ஒவ்வொரு பானத்துக்கும் ஓரிரு டாலர் டிப்ஸ் வைப்பது இங்கே வழக்கம்.

என்ன உடுத்துவது?

வியர்வைக்கு ஏற்ற உடை, பழகிய ஷூ. மினுக்கத் தேவையில்லை, மினுக்க ஆசையிருந்தால் தடையும் இல்லை. ஜனவரியில் கனத்த கோட்டோடுதான் போவீர்கள். அதை கோட் செக்கில் கொடுத்துவிடுங்கள். கையில் வைத்துக்கொண்டு ஆடவும் முடியாது, நாற்காலியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

எனக்கு ஆடத் தெரியாது. வரலாமா?

வரலாம். இங்கே ஸ்டெப் என்று எதுவும் இல்லை, யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஒரு கால் மாற்றி ஒரு கால் எடை மாற்றி நின்றாலே போதும், மீதியை பேஸ் பார்த்துக்கொள்ளும். தெற்கு சிகாகோவில் வளர்ந்தவர்கள் சிலர் காலை உரசி, மார்பை முன்னும் பின்னும் அலையாக விட்டு ஆடுவார்கள். அதை ஜாக்கிங் (jacking) என்பார்கள். அவர்களுக்குச் சற்று இடம் விட்டு நின்று பாருங்கள், பார்க்கவே அத்தனை அழகு.

தளத்தின் நடுவில் நின்று உரக்கப் பேசிக்கொண்டிருப்பதுதான் இங்கே பெரிய குற்றம். பேச வேண்டுமானால் பாருக்கோ ஓரத்துக்கோ போய்விடுங்கள்.

பிடித்த பாட்டைப் போடச் சொல்லலாமா? நம் ஊர்ப் பாட்டு?

கூடாது. கல்யாண ரிசப்ஷன் டிஜேவிடம் சீட்டு எழுதிக் கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் போனை நீட்டுகிறார்கள். ரிசப்ஷன் டிஜேவின் வேலை வந்தவர்கள் கேட்டதைக் கொடுப்பது. அது வேறு திறமை. இவரிடம் நீங்கள் வந்தது, உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் கொடுப்பார் என்ற நம்பிக்கையில். பாராட்ட வேண்டுமானால் கண்ணைப் பார்த்துச் சிரியுங்கள், கையைத் தூக்குங்கள். அது அவருக்குப் போய்ச் சேரும்.

நான் குடிப்பதில்லை. சங்கடமாக இருக்குமா?

கொஞ்சமும் இருக்காது. முதல் ஹவுஸ் கிளப்பே பழச்சாறு கிளப் என்பதை மேலே சொன்னேன். சோடாவில் எலுமிச்சை பிழிந்து வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், டிப்ஸ் மட்டும் மறக்க வேண்டாம். மணிக்கொரு தடவை தண்ணீர் குடியுங்கள். சிகரெட் உள்ளே கிடையாது, இல்லினாயில் 2008 முதல் மூடிய பொது இடங்களில் தடை. முன்பின் தெரியாதவர் தருகிற மாத்திரை, பொடி எதையும் தொடாதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது, இங்கே அதனால் உயிர் போகிறது. யாராவது நிலை தடுமாறி விழுவதைப் பார்த்தால் தயங்காமல் பார் ஊழியரிடம் சொல்லுங்கள்.

காதுக்குக் கேடு இல்லையா?

உண்டு, அதனால்தான் காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பணியிட ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கிளப் தளங்களில் 100 என்பது அபூர்வமில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்றவை சத்தத்தைக் குறைக்கும், ஆனால் ஹை-ஹேட்டையும் குரலையும் மங்கச் செய்துவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் ஃபில்டர் வைத்தவை எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும். 20, 30 டாலருக்குக் கிடைப்பதே போதும். பேஸ் காதுக்கு மட்டும் வருவதல்ல, நெஞ்சுக்கூட்டுக்கும் வருவது. அது குறையவே குறையாது. அரை மணிக்கு ஒரு தடவை வெளிப் படிக்கட்டுப் பக்கம் வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள், நிறையப் பேர். தனியாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் ஆடிவிட்டுப் போகிற பெண்களை ஹவுஸ் இரவுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். துணை தேட வந்தார் என்று யாரும் நினைப்பதில்லை. யாராவது எல்லை மீறினால் காவலரிடமோ பார் ஊழியரிடமோ சொல்லுங்கள். உங்கள் கிளாஸை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், திரும்புகிற நேரத்தை ஒரு தோழியிடம் சொல்லி வையுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டத்தில் வழி கேட்க முதுகிலோ இடுப்பிலோ கை வைக்காதீர்கள். தோளருகே கையை உயர்த்திக் காட்டினாலே வழி விடுவார்கள். ஐந்தாறு ஆண்கள் வட்டமாக நின்று பிறரை வேடிக்கை பார்ப்பது, நமக்குக் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், பார்க்கப்படுகிறவருக்கு அப்படித் தெரியாது.

ஸ்மார்ட்பார் நிகழ்ச்சிப் பட்டியலில் ஞாயிற்றுக்கிழமை 'குயின்!' என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

தன்பாலீர்ப்பினர், திருநர், குயர் மக்களை நடுவில் வைத்து நடக்கும் ஹவுஸ் இரவு. டெரிக் கார்ட்டர், மைக்கேல் செராஃபினி, காரெட் டேவிட் மூவரும் அதன் ரெசிடெண்ட் டிஜேக்கள். எல்லோரும் போகலாம். உடை, ஒப்பனை எல்லாம் பிரமாதமாக இருக்கும். நம்மவர்கள் சிலர் இதைக் கேட்டதும் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம் என்றே சொல்வேன். இந்த இசையை உண்டாக்கியவர்களும், வேறெங்கும் இடமில்லாதபோது அதைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான். நாம் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். முறைத்துப் பார்க்காமல், அனுமதி கேட்காமல் படம் எடுக்காமல் இருந்தால் வரவேற்புக்குக் குறைவே இருக்காது. சிகாகோவில் நான் கேட்ட மிகச் சிறந்த இரவுகளில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தவை.

வீடியோ எடுக்கலாமா?

வேண்டாம். இருட்டில் ஒரு திரை வெளிச்சம் பத்துப் பேரின் கவனத்தைக் கெடுக்கும். அங்கே இருப்பது வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கலாம்.

இரவு எப்படித் திரும்புவது?

ரெட் லைன் ரயில் 24 மணி நேரமும் ஓடும். அடிசன் நிலையம் சில நிமிட நடை. நள்ளிரவுக்குப் பிறகு ரயில்களின் இடைவெளி அதிகம், வருகிற நேரத்தைப் போனில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் நடைமேடையில் விறைத்து நிற்க வேண்டியதில்லை. நேப்பர்வில், அரோரா பக்கம் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. கடைசி மெட்ரா புறநகர் ரயில் கிளப் மூடுவதற்கு வெகு முன்பே போய்விடும். நகரத்தில் நண்பர் வீட்டில் தங்குங்கள், அல்லது நான்கு பேர் சேர்ந்து குடிக்காத ஒருவரை வண்டி ஓட்ட வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் விசா வரைக்கும் பிரச்சினை வரும்.

போவதற்கு முன் எதையாவது கேட்டுப் பழக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆசையிருந்தால் 1986-இல் வந்த இரண்டைக் கேளுங்கள்: மார்ஷல் ஜெஃபர்சனின் 'மூவ் யுவர் பாடி'யில் பியானோ எப்படிக் கூத்தாடுகிறது என்று பாருங்கள், லாரி ஹெர்ட் 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற பெயரில் செய்த 'கேன் யூ ஃபீல் இட்'டில் அதே இசை எவ்வளவு சாந்தமாக முடியும் என்று பாருங்கள். அதற்குப் பிறகு தனிப் பாடல்களை விட்டுவிட்டு, இரண்டு மணி நேர டிஜே செட் ஒன்றை நிறுத்தாமல் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது. நல்ல ஹெட்ஃபோனிலோ காரிலோ கேளுங்கள்.

குழந்தைகளை விட்டுவிட்டு இரவு வெளியே வர முடியாது. எங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, அதுவும் அருமையான வழி. 'சோஸன் ஃப்யூ' என்ற தெற்கு சிகாகோ டிஜே குழு ஒவ்வொரு ஜூலையும் ஜாக்சன் பார்க்கில் பகல் முழுக்க ஹவுஸ் வாசிக்கும். 1990-இல் உறவினர், நண்பர்கள் கூடிய பிக்னிக்காகத் தொடங்கியது, இன்று பல்லாயிரம் பேர் வருகிறார்கள். கூடாரம் போட்டு, கரி அடுப்பில் இறைச்சி வாட்டி, பாட்டி முதல் பேரன் வரை புல்வெளியில் ஆடுவார்கள். எண்பதுகளில் இந்த இசையோடு பள்ளிக்கூடம் போனவர்கள் இன்று தாத்தா பாட்டிகள், ஒவ்வொரு வரியையும் கூடவே பாடுவார்கள். சிகாகோவுக்கு ஹவுஸ் என்றால் என்ன என்பதை ஒரே நாளில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் காதுக்கு மட்டும் ஹெட்ஃபோன் மாதிரியான பாதுகாப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளப்பில் கேட்ட ஒரு பாட்டு மண்டையிலேயே நிற்கிறது. பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

போன் செயலி பல சமயம் கைவிட்டுவிடும். வேகம் மாறியிருக்கும், இரண்டு பாட்டு கலந்து ஓடும், இன்னும் வெளிவராத பதிவாகக்கூட இருக்கும். டிஜே வாசித்து முடித்துக் கருவியை விட்டு நகர்ந்த பிறகு, எந்த நேரத்தில் வந்தது, என்ன சொல்லைப் பாடினார்கள் என்று சொல்லிக் கேளுங்கள். அநேகமாக மகிழ்ச்சியாகச் சொல்வார். அதுவும் நடக்கவில்லையென்றால் கிளார்க் தெருவிலேயே தெற்கே வந்தால் கிராமஃபோன் ரெக்கார்ட்ஸ் இருக்கிறது, 1969 முதல் இருக்கும் கடை. நான் சொன்ன டிஜேக்கள் பலரும் தட்டு வாங்கி வளர்ந்த இடம். கவுண்டரில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் மெட்டை முணுமுணுத்துக் காட்டுங்கள். உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.